கடவுள் தலையில் கட்டிய வயர்

றெஜினா வீட்டு முற்றத்தில், கோயிலிலிருந்து இரவல் வந்த நீலப் பிளாஸ்டிக் கதிரையில், காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார் பிலேந்திரன். எங்கள் கோயில் கமிட்டியின் செயலாளர். கையில் இஞ்சி போட்ட பிளேன்டீ. ஒரு மிடறு குடிப்பார், ஒரு ஆறுதல் சொல்வார், மறுபடியும் ஒரு மிடறு.

றெஜினாவின் புருஷன் அன்ரனைப் புதைத்து அன்றைக்கு மூன்றாம் நாள். அவள் கதவு நிலையில் சாய்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி நான். செத்த வீட்டில் எனக்குப் பிடித்த வேலை அதுதான், வாயைத் திறக்கத் தேவையில்லை.

"ஆண்டவருக்கு ஆரில கூட விருப்பமோ, அவங்களத்தான் கெதியாக் கூப்பிடுவார் புள்ள," என்றார் பிலேந்திரன்.

பிலேந்திரனுக்கு எழுபது தாண்டிச் சில வருஷங்கள் ஆகின்றன. அவர் சொல்வதை அப்படியே எடுத்தால், ஆண்டவருக்கு அவரில் பெரிய விருப்பம் ஒன்றும் இல்லை என்றுதான் வருகிறது. அதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. கழுவின கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகக் கவிழ்த்து வைத்தேன், அவ்வளவுதான்.

மனுஷன் நிறுத்தவில்லை. கோயில் வேலையில் நிற்கும்போதே சாவு வருவது எத்தனை பேருக்குக் கிடைக்கும், அதுவும் மாதாவின் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு முதல் நாள், அதுவும் மாதாவின் வாசல் வளைவிலேயே ஏறி நிற்கும்போது என்று அடுக்கிக்கொண்டு போனார். கேட்டுக்கொண்டிருந்தால் நாங்களும் போய் அதில் ஏறிச் செத்தால் என்ன என்று இருக்கும். கடைசியாக ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பிளேன்டீயில் நனைத்து வாயில் போட்டுவிட்டு, எல்லாம் தேவசித்தம் என்று எழும்பினார். கதிரையையும் கையோடு கொண்டு போனார், அடுத்த செத்த வீட்டுக்குத் தேவைப்படுமாம்.

முன்னுக்கு மாதா, பின்னுக்குச் சித்தம்

இந்தத் தொடரை வாசிக்கும் ஒருவர் போன கிழமை எழுதியிருந்தார். விஞ்ஞானம் படிப்பித்த டீச்சர் நீங்கள், கோயிலுக்கும் தவறாமல் போகிறீர்கள், உலகத்தில் ஏன் இவ்வளவு துன்பம் என்று உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டிருந்தார். தெரியாது ஐயா. ஆனால் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வாரம் அவர்களைப் பற்றித்தான்.

அன்ரன் எப்படிச் செத்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்ரன் வாவியில் வலை போடுகிறவன். நண்டும் இறாலும்தான் அவன் தொழில். நாவற்குடாவுக்கு இந்தப் பக்கத்தில், கோயிலுக்குச் சொந்தமான மிஷன் காணியில் கட்டிக்கொண்ட சின்ன வீடு. மனுஷனுக்கு உயரத்தில் பயம் கிடையாது. அதனால் கோயிலில் எதை உயரத்தில் கட்ட வேண்டுமென்றாலும் அவனைத்தான் தேடுவார்கள். கொடிமரத்தில் கயிறு கோர்க்க அன்ரன், மணிக்கூண்டில் குளவிக்கூடு எடுக்க அன்ரன், வாசல் வளைவில் லைற் கட்ட அன்ரன்.

அந்த வளைவு இரும்புக் குழாயில் செய்தது. அதில் கட்டுகிற லைற் வயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திருவிழாவுக்கும் அதே வயர்தான். முடிந்ததும் சுருட்டிப் பின்னறையில் எறிந்துவிடுவார்கள். அங்கே எலி அதைக் கடிக்கும். அடுத்த வருஷம் கடித்த இடத்தில் கம்பியை முறுக்கி, ஒட்டுகிற ரேப் வாங்கக் கடைக்குப் போகப் பஞ்சிப்பட்டு, சொப்பிங் பேக்கைக் கிழித்துச் சுற்றுவார்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி, அந்த வயரில் வயரைவிடச் சொப்பிங் பேக்தான் கூடுதலாக இருந்தது.

தங்கள் வீட்டில் இப்படி ஒரு வயர் கிடந்தால் ஒருவரும் பிள்ளைகளைக் கிட்ட விடமாட்டார்கள். கோயிலில் கிடந்தால் பரவாயில்லை. கோயில் வயர்தானே, அது என்ன செய்யப்போகிறது என்று எங்கள் பங்குச் சனம் முழுக்க ஒரு நம்பிக்கை. தீர்த்தம் தெளித்தால் கரண்டும் அடங்கிவிடும் என்று நினைப்போ என்னவோ.

அன்றைக்குப் பின்னேரம் சிரமதானம். ஊரே கோயில் வளவில் நின்றது. மழை அடித்து அப்போதுதான் விட்டிருந்தது. பெண்கள் நாங்கள் விறாந்தையில் கடதாசிப் பூக் கட்டிக்கொண்டிருந்தோம். அன்ரன் வயரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிலேந்திரனிடம் வந்தான்.

"அண்ணன், இது தோல் உரிஞ்சு கிடக்கு. குழாயும் நனைஞ்சிரிக்கு. நாளைக்கு விடியக் கட்டுவமா?"

பிலேந்திரனுக்கு அவசரம். கொடியேற்றத்துக்கு ஆயர், எங்கள் பிஷப், வருவதாக இருந்தது. லைற் எரியாத வளைவுக்குக் கீழே ஆயர் நடந்து வந்தால் கமிட்டியின் மானம் கப்பலேறிவிடும்.

"மழ விட்டிட்டுத்தானே. ஏறு மகன், மாதா பாத்துக்கொள்ளுவா."

அன்ரன் ஏறினான். உச்சியில் நட்சத்திரத்தைக் கட்டினான். கட்டி முடித்து அவன் இறங்குவதற்கு முதல், எல்லாம் எரிகிறதா பார்ப்போம், மெயின் சுவிட்சைப் போடுங்கள் என்று பிலேந்திரன் கையைக் காட்டினார். யாரோ போட்டார்கள். எல்லா லைற்றும் எரிந்தது. அன்ரன் கத்தவும் இல்லை. குழாயைப் பிடித்தபடி ஒரு தரம் உதறினான், பிறகு எங்கள் கண்ணுக்கு முன்னால் விழுந்தான்.

மரண விசாரணைக்கு வந்தவர் மின்சார விபத்து என்று சொல்லிவிட்டுப் போனார். கொடி ஒரு நாள் பிந்தி ஏறியது. அதோடு கமிட்டிக்குக் கதை முடிந்தது.

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், இவர்கள் செய்து வைத்திருக்கிற ஒழுங்கில்தான். ஏறும்போது மாதா பொறுப்பு. விழுந்த பிறகு தேவசித்தம். முன்னுக்கு அம்மாவை நிறுத்தியாயிற்று, பின்னுக்கு மகனை நிறுத்தியாயிற்று, நடுவில் கையைக் காட்டின மனுஷனை மட்டும் எங்கே தேடியும் காணவில்லை.

பூனைக்குட்டிகள்

இந்த விளக்கக்காரர்களோடு எனக்கு உள்ள பகை பழையது.

சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பு எடுத்த சிஸ்டர் ஒருவர், துன்பம் என்பது கடவுளின் கையில் இருக்கும் உளி என்று சொல்லித் தந்தார். செதுக்கிச் செதுக்கி எங்களை அழகாக்குகிறாராம். அந்த மாரியில் வாவி பெருத்து எங்கள் வீட்டுப் பின்கோடிக்குள் தண்ணீர் வந்து, பூனை போட்டிருந்த குட்டிகள் எல்லாம் செத்துப்போயிருந்தன. கண்கூடத் திறக்காத குட்டிகள். அவற்றைச் செதுக்கிக் கடவுள் என்ன செய்யப்போகிறார் சிஸ்டர் என்று கேட்டேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன். மணலில் முழங்காலில் இருக்க விட்டார். அதுவும் உளிதான் என்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் நான் அழகாகவில்லை.

பிறகு சுனாமி அடித்து ஊருக்குள் கடல் வந்த வருஷம். கல்லடிப் பக்கத்தில் கூடாரம் அடித்துச் சனம் இருந்தபோது, வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. அந்தக் காலையில் தான் முழங்காலில் நின்று செபித்துக்கொண்டிருந்ததால் ஆண்டவர் தன்னைக் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேருடைய ஆட்கள் அதே காலையில் அதே மாதிரி முழங்காலில் நின்றபடியேதான் போனார்கள். ஒரு பெண் பேசாமல் எழும்பிப் பைப்படிக்குப் போய் உடுப்புத் தோய்க்கத் தொடங்கினாள். நல்லாய் ஓங்கி ஓங்கி அடித்துத் தோய்த்தாள். போதகரின் சாட்சி பாதி கேட்கவில்லை. அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல் இருந்தது எனக்கு.

வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் இருந்த ஒரு மனுஷனிடம் அவன் கூட்டாளிமார் வருகிறார்களே, அவர்கள்கூட முதலில் ஒரு கிழமை வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல மனுஷர். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. எங்கள் பங்கில் அந்த ஒரு கிழமையும் கிடையாது. கதிரை கிடைத்த உடனே தொடங்கிவிடுவார்கள்.

வந்தவர்கள்

றெஜினா வீட்டுக்கும் கதிரை கிடைக்கக் கிடைக்க ஆட்கள் வந்தார்கள்.

செபக்குழுப் பெண் ஒருத்தி வந்து, குடும்பத்தில் யாரோ செய்த மறைவான பாவம் ஒன்று தனக்குத் தெரிகிறது என்றாள். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். றெஜினாவின் தாய்வழி களுவாஞ்சிக்குடி, சைவ ஆட்கள். அங்கிருந்து சோறு கறி சமைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்த பெரியம்மாவுக்கு இது காதில் விழுந்துவிட்டது. ஆரைப் பார்த்துப் பாவம் என்கிறாய், அது அவன் தலையெழுத்து என்று அவர் பிடித்துக்கொண்டார். பாவமா தலையெழுத்தா என்று இரண்டு பேரும் அந்தச் சின்ன விறாந்தையில் நின்று பொரிந்து தள்ளினார்கள். செத்தவனை இரண்டு பேருமே மறந்துபோனார்கள். சோறு ஆறிப்போனது.

அன்ரனிடம் விலைக்கு நண்டு எடுக்கிறவர் காத்தான்குடி ஹனீபாக் காக்கா. மோட்டார் சைக்கிளில் ஒரு மூட்டை அரிசியைக் கட்டிக்கொண்டு வந்தார். இவரும் ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் கோப்பையோடு ஆயத்தமாக நின்றேன். மனுஷன் கன நேரம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு, "அந்த வயர ஆரு தங்கச்சி கட்டச் சொன்ன?" என்று கேட்டார்.

அத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். றெஜினா அப்போதுதான் தலையை நிமிர்த்தி ஒரு மனுஷரின் முகத்தைப் பார்த்தாள்.

சந்தியில் கமிட்டி ஒரு பனர் கட்டியது. அன்ரனின் கல்யாணப் படத்தில் றெஜினாவை வெட்டி எறிந்துவிட்டு, அவனை வானதூதனாக்கி முதுகில் சம்மனசின் செட்டைகள் ஒட்டியிருந்தார்கள். மாதாவின் மடியில் உறங்கும் மலர் என்று பெரிய எழுத்து. கீழே கமிட்டிக்காரரின் படங்கள் வரிசையாக, எல்லாரும் சிரித்த முகம். அதையும் கட்டுவதற்கு உயரத்தில் ஏற ஆள் இல்லாமல், ஆளுயரத்திலேயே கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

தோட்டக்காரர்

இதெல்லாம் எரிச்சல்தான், ஆனால் எரிச்சலோடு போயிருக்கும். பிள்ளையில் வந்து முட்டியபோதுதான் நான் சண்டைக்குக் கிளம்பினேன்.

றெஜினாவுக்கு ஒரே பிள்ளை, அனிற்றா. ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். அடக்கத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்கள் பாதர் பிரசங்கம் வைத்தார். பாதர் இளம் ஆள், கதிரவெளிப் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளை, போன வருஷம்தான் எங்கள் பங்குக்கு வந்தவர். கடவுள் ஒரு தோட்டக்காரர், தன் தோட்டத்தில் நல்ல பூவாகப் பார்த்துப் பறித்துக்கொள்வார் என்று குழைந்து குழைந்து சொன்னார். பெண்கள் அழுதார்கள். பிலேந்திரன் கண்ணைத் துடைத்தார். பிள்ளை அழவில்லை, பாதரை வாய் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போய் அது கேட்ட கேள்வியை றெஜினா எனக்கு வேலிக்கு மேலால் சொன்னாள். அப்பாவைப் பறித்தது கடவுள் என்றால், அம்மாவையும் பறிப்பாரா என்று கேட்டதாம். நீயும் நல்ல பூவா அம்மா என்று கேட்டதாம்.

அன்றைக்குப் பிறகு பிள்ளை கோயில் ஒழுங்கைப் பாதையால் பள்ளிக்கூடம் போகவில்லை, சுற்றிப் போனது. வீட்டில் தொங்கிய இயேசுவின் திருஇருதயப் படத்தைக் கதிரை வைத்து ஏறிச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டது. தாய் கேட்டதற்கு, அவர் எங்களைப் பார்க்கக் கூடாது என்றதாம். நித்திரையில் எழும்பித் தாயின் மூக்கடியில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறதாம்.

"கடவுள் எண்டா அவளுக்கு இப்ப கொலகாரன் மாதிரி டீச்சர்," என்றாள் றெஜினா. "அவரும் போயிட்டார். இனி இவளுக்கு அவரையும் இல்லாம ஆக்கிப்போட்டாங்க."

இரண்டாவது 'அவர்' யார் என்று அவள் சொல்லத் தேவையில்லை. எனக்கு விளங்கியது. நான் நேரே மிஷன் வீட்டுக்குப் போனேன்.

பாதர் என்னை இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. பூவும் தோட்டமும் நல்லாய்த்தான் இருந்தது பாதர், இப்போது ஒரு பிள்ளை கடவுளுக்குப் பயந்து றோட்டைச் சுற்றிப் போகிறது என்றேன். பிள்ளையின் கேள்வியையும் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

"செத்த வீட்டில ஒண்டும் சொல்லாம நிக்க எனக்குப் பயம் டீச்சர்," என்றார்.

பொய் சொல்லாத மனுஷன் என்பதால் எனக்குக் கொஞ்சம் கோபம் இறங்கியது. கொஞ்சம்தான். உங்கள் முதுகுக்குப் பின்னால் சிலுவையில் தொங்குகிறவர் கடைசி மூச்சில் ஏன் என்றுதான் கத்திக் கேட்டார், அவருக்கே மேலேயிருந்து மறுமொழி வரவில்லை, உங்களுக்கு மட்டும் யார் வந்து காதுக்குள் சொன்னது என்று கேட்டேன்.

போன கிழமை எழுதிக் கேட்ட வாசகருக்கும் இதைத்தான் சொல்வேன். கடவுள் எங்களுக்குக் கை தந்தார். மெயினைப் போடவும் ஏலும், போடாமல் விடவும் ஏலும் என்கிற கை. அந்தக் கையை எட்டிப் பிடிக்க அவர் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதில் எனக்கும் அவருக்கும் வழக்கு இருக்கிறது, அது இன்னும் தீரவில்லை. கடல் ஏன் வந்தது, பூனைக்குட்டி ஏன் செத்தது என்பதற்கும் எனக்கு மறுமொழி தெரியாது. நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றை மட்டும்தான். அடி விழுகிற பக்கத்தில் அவர் நிற்கிறார். அன்றைக்கும் அவர் அன்ரனோடு அந்தக் குழாயில்தான் இருந்தார், மெயினடியில் நிற்கவில்லை. இதை நம்பாவிட்டால் நான் எப்போதோ கோயிலுக்குப் போவதை விட்டிருப்பேன்.

பாதர் என்னை வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டார். நானும் வந்துவிட்டேன்.

போனில் வந்த செபம்

முப்பத்தோராம் நாள் பூசை நெருங்கியது. பிலேந்திரன் மறுபடியும் வந்தார், இந்த முறை சொந்தத் திட்டத்தோடு.

வளைவைப் புதிதாகக் கட்டி அதற்கு அன்ரனின் பெயரை வைக்கக் கமிட்டி யோசித்திருக்கிறதாம். மனுஷனைக் கொன்ற வளைவுக்கு அந்த மனுஷனின் பெயர்! இப்படி ஒரு யோசனை எங்கள் கமிட்டிக்குத்தான் வரும். அதற்கு முதல், முப்பத்தோராம் நாள் பூசையில் றெஜினா மைக்கில் நின்று ஒரு மன்றாட்டுச் சொல்ல வேண்டுமாம். அன்ரனைத் தமது பணியிலேயே அழைத்துக்கொண்ட இறைவனின் சித்தத்துக்குக் குடும்பமாக நன்றி சொல்லிப் பணிகிறோம் என்று. ஊரில் சில வாய்கள் வயர் வயர் என்று கதைக்கின்றன, பெண்சாதியே எழும்பி நின்று சொன்னால் எல்லாம் அடங்கிவிடும் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். சில வாய்கள் என்றபோது என் பக்கம் பார்த்தார். நான் அவரைத் திருப்பிப் பார்த்தேன்.

போகும்போது, "மிஷன் காணியில இரிக்கிற நாம, மிஷனோட ஒத்துப் போகத்தானே வேணும் புள்ள," என்றார். மெதுவாக, அன்பாகத்தான் சொன்னார்.

எழுதிக் கொடுத்தால் மறந்துவிடுவாள் என்று அந்த மன்றாட்டைத் தன் குரலிலேயே பேசி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், கேட்டுக் கேட்டுப் பாடமாக்கட்டும் என்று. அந்தக் கிழமை முழுக்க வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பிலேந்திரனின் குரல் தேவசித்தத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தது. றெஜினா சமைக்கும்போதும் போட்டாள், வலை காயப்போட்டிருந்த இடத்தைக் கூட்டும்போதும் போட்டாள். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்துவிடும்.

எனக்குப் பொறுக்கவில்லை. போய் நின்று, இதைச் சொல்லாதே றெஜினா என்றேன். நீ மைக்கில் நின்று சொன்னால் பிள்ளைக்கு அதுதான் கடைசித் தீர்ப்பு, பிறகு பாப்பரசரே வந்து சொன்னாலும் அது நம்பாது என்றேன். உனக்குப் பயமென்றால் நான் போய்ப் பிலேந்திரனோடு சண்டை பிடிக்கிறேன் என்றேன்.

"நீங்க சண்ட புடிச்சா அது உங்கட சண்ட டீச்சர்," என்றாள். "நான் காணிக்குள்ள இரிக்கிறவள்."

எனக்குச் சொந்த வீடு, பென்ஷன் வருகிறது. வாய் நீளமாக இருப்பது எனக்குச் சுலபம். அவள் பணிந்து போகப்போகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டு வந்து படுத்தேன்.

ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்

முப்பத்தோராம் நாள் பின்னேரப் பூசை. கோயில் நிறைந்திருந்தது. முன்வரிசை வாங்கில் ஒரு பக்கம் கமிட்டி, மறுபக்கம் றெஜினாவும் பிள்ளையும். பிள்ளையை எப்படித்தான் உள்ளே கொண்டு வந்தாளோ, அது தாயின் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு இருந்தது. நான் இரண்டாவது வாங்கில்.

அன்றைக்குப் பாதர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். பூவும் இல்லை, தோட்டமும் இல்லை. பிறகு விசுவாசிகளின் மன்றாட்டு.

பூசைக்குப் பழக்கமில்லாத வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் மைக்கில் நின்று ஒவ்வொரு வேண்டுதலாகச் சொல்லி, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம் என்று முடிப்பார். முடித்த கையோடு கோயில் முழுக்க, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொல்லும். பால்குடி மறந்த நாளிலிருந்து வாயில் ஏறிப்போன பழக்கம். என்ன கேட்டார்கள் என்று ஒருவரும் கவனிப்பதில்லை. மழைக்கும் அதே மறுமொழி, சோதனை எழுதும் பிள்ளைகளுக்கும் அதே மறுமொழி. அந்த முடிவு வசனம் காதில் விழுந்தால் போதும், வாய் தானாகத் திறக்கும். அதிலும் எல்லாரையும்விட உரத்துச் சொல்வது பிலேந்திரன்தான்.

திருச்சபைக்காக ஒன்று, நாட்டுக்காக ஒன்று சொல்லி முடிந்தது. றெஜினா எழும்பிப் போனாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். பிலேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்கத் தயாரானார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"என்ட புருஷன் வயர் உரிஞ்சு கிடக்கு எண்டு சொன்னவர். நாளைக்குக் கட்டுவம் எண்டு கேட்டவர். ஏறச் சொன்னதும் மனுஷர், மெயினப் போட்டதும் மனுஷர். மனுஷர் செஞ்சத இனி உமக்கு மேல போடாம இரிக்க எங்களுக்கு நல்ல புத்தி தர வேணும் எண்டு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது கோயில்.

முழுக் கோயிலும் சொன்னது. கமிட்டி வாங்கும் சொன்னது. பிலேந்திரனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கம்போலக் கணீர் என்று கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் மனுஷன் கண்ணை முழித்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு பாதி எழும்பி, மைக்கை நிற்பாட்டு என்று சவுண்ட் காரனுக்குக் கையைக் காட்டினார். அவன் கூரையில் ஏதோ விசேஷமாகக் கண்டவன் போல மேலே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. கோயில் என்றும் பார்க்காமல் சிரித்தேன்.

"இது கோயில் புள்ள, இதக் கதைக்கிற இடமா?" என்றார் பிலேந்திரன்.

றெஜினா அவர் பக்கம் திரும்பினாள். "அவர் செத்த இடம் இதுதானே அண்ணன்," என்றாள். மறுபடி பீடத்தைப் பார்த்து நின்றாள்.

"என்ட மகள் உமக்குப் பயந்திட்டா. அப்பாவ எடுத்த நீர் அம்மாவையும் எடுப்பீர் எண்டு இருந்து அழுறா. நீர் எடுக்கல்ல எண்டு அவளுக்கு நீரே சொல்லும். நீர் ஏன் பாத்துக்கொண்டு நிண்டீர் எண்டு எனக்கு மறுகா ஒரு நாளைக்குச் சொல்லும், நான் காத்திரிப்பன். ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது எல்லாரும் முழித்துக்கொண்டுவிட்டார்கள். இந்த மன்றாட்டுக்குச் சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போக முடியாது என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. என் சிரிப்பும் நின்றுபோனது. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், எனக்கும் வரவில்லை. மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. றெஜினா மைக்கை விட்டு நகராமல் நின்றாள்.

பாதர் பீடத்திலிருந்து இறங்கி வந்தார். திருவுடையோடு வந்து முன்வாங்கில் பிள்ளைக்கு முன்னால் குந்தி இருந்தார். பிள்ளை முகத்தை மறைக்கத் தாயின் சேலைத் தலைப்பு இல்லாமல், வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்தது.

"நான் அண்டைக்குச் சொன்னது பிழை, மகள்," என்றார். "அப்பாவ ஆண்டவர் எடுக்கல்ல."

பிள்ளை வாங்கின் விளிம்பை விடாமலே அவரைப் பார்த்தது.

"அப்ப ஆரு எடுத்த?"

பாதர் பிலேந்திரனைத் திரும்பிப் பார்ப்பார் என்று நான் காத்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், அதற்காகத்தான் அந்த ஒரு மாதமும் காத்திருந்தேன். அவர் திரும்பவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்தார்.

"நாங்க, மகள்," என்றார், மைக் இல்லாமலே கோயில் முழுக்கக் கேட்கும்படி.